விலையின் உருவில் கூலி: கார் விற்பனை நிலையங்களும் மெருகூட்டல் ஒப்பந்தகாரரும்

மோட்டார் வாகனத் தொழில் பற்றிப் பேசும்போது தொழிற்சாலையும் அதன் தொழிற்சங்கமுமே முதலில் நினைவுக்கு வருவன. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய கார், வாங்குவோன் கையைச் சேர்வதற்கு முன்னர் அதன்மீது செலுத்தப்படும் உழைப்பு அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. கழுவுதல், அழுக்ககற்றல், இருக்கைகளைச் சுத்தஞ் செய்தல், வண்ணப்பூச்சின் கீறல்களை நீக்கிப் பளபளப்பேற்றுதல் ஆகியன அவ்வுழைப்பின் கூறுகள். ஐக்கிய அமெரிக்காவில் 'டீட்டெயிலிங்' என வழங்கும் இவ்வேலையை நாம் இங்கு மெருகூட்டல் எனக் குறிப்பிடுவோம்.

இவ்வேலையைச் செய்வோருள் ஒரு பகுதியினர் விற்பனை நிலையங்களின் சம்பளப் பட்டியலில் இடம்பெறும் ஊழியர். மற்றொரு பகுதியினர் தாமே தனித்தோ ஓரிரு உதவியாளருடனோ தொழில் புரியும் சிறு ஒப்பந்தகாரர். விற்பனை நிலையத்திடமிருந்து வேலையைப் பெறுவது எவ்வாறு என்பது இப்பிந்திய பகுதியினரின் அன்றாட வினாவாகும். இவ்வினாவிற்கு, திறமையைக் காட்டுக, விலையைக் குறைத்துச் சொல்லுக, மீண்டும் மீண்டும் சென்று கேட்க என்றவாறு விடை கூறப்படுவதுண்டு. இவ்விடைகளில் உண்மை உண்டு. ஆனால் முழுமை இல்லை. வேலை எவ்வாறு கிடைக்கின்றது என்பதையும் அது எந்நிபந்தனைகளில் கிடைக்கின்றது என்பதையும் பிரித்து நோக்க இயலாது என்பதே எமது கருத்து. கார் ஒன்றுக்கு இவ்வளவு எனப் பேசி முடிக்கப்படும் தொகை வெளித்தோற்றத்தில் ஒரு வணிகன் இன்னொரு வணிகனுக்குக் கூறும் விலையாகும். உள்ளடக்கத்தில் அது பெரும்பாலும் கூலியேயாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கூலி, ஒப்பந்தம் பற்றிய சட்டங்கள் விரிவாக வளர்ந்துள்ள கலிபோர்னியா மாநிலத்தையே நாம் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம்.

1. மெருகூட்டல் என்னும் உழைப்பு

மெருகூட்டலைத் திறனற்ற வேலையாகக் கருதுவோர் பலர். வாளியும் துணியும் இருந்தாற் போதும் என்ற எண்ணம் விற்பனை நிலைய முகாமையாளரிடமும் காணப்படுகின்றது. விலை பேசும்போது அது அவருக்கு உதவவும் செய்கின்றது. உண்மை வேறு. இக்காலக் கார்களின் வண்ணப்பூச்சின் மேல் நிறமற்ற ஒரு காப்புப் படலம் உண்டு. அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் அளவினது. கீறலை நீக்குதல் என்பது உண்மையிற் கீறலை நிரப்புதல் அன்று. கீறலின் அடிமட்டத்தை நோக்கி அதனைச் சூழவுள்ள படலத்தைத் தேய்த்துக் குறைத்தலேயாகும். தேய்த்து நீக்கியது மீளாது. எனவே எவ்விடத்தில் எவ்வளவு தேய்க்கலாம், எத்தகைய பசையையும் தேய்ப்புத் தட்டையும் பயன்படுத்தலாம், சுழலும் இயந்திரத்தை ஓரிடத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்பன கண்ணாலும் கையாலும் அறியப்படும் நுட்பங்கள். மிகையான வெப்பம் படலத்தை எரித்துவிடும். அவசரமாகச் செய்த வேலை வெயிலில் சிலந்திவலை போன்ற வட்டக் கோடுகளாகத் தெரியும்.

உள்ளகத் துப்புரவும் இவ்வாறே. புகையிலை நாற்றம், பூஞ்சணம், வளர்ப்புப் பிராணிகளின் உரோமம், சிந்திய பால் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையையும் வெவ்வேறு நேரத்தையும் வேண்டி நிற்பன. ஒரே மாதிரியான இரண்டு கார்களில் ஒன்று மூன்று மணி நேரத்தில் முடியும். மற்றையது எட்டு மணி நேரத்தை விழுங்கும். மெருகூட்டலின் இந்த ஒழுங்கின்மையை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், பின்னர் நாம் காணவிருக்கும் விலை முறை இவ்வொழுங்கின்மையின் சுமை முழுவதையும் உழைப்போன் தலையில் ஏற்றிவிடுகின்றது.

2. விற்பனை நிலையத்தின் உள்ளமைப்பு

ஐக்கிய அமெரிக்காவிற் புதிய கார்களை விற்கும் நிலையங்கள் பெரும்பாலும் உற்பத்திக் கம்பனிகளுக்குச் சொந்தமானவை அல்ல. உற்பத்தியாளருடன் செய்துகொண்ட உரிமை ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் தனி நிறுவனங்களே அவை. 2024 இல் இத்தகைய நிலையங்கள் 16,000க்கு மேற்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்ப்போனுக்கு ஒரே கடையாகத் தோன்றும் இந்நிலையம் உள்ளே பல பகுதிகளாகப் பிரிந்துள்ளது. புதிய கார்ப் பகுதி, பழைய கார்ப் பகுதி, கடன் மற்றும் காப்புறுதிப் பகுதி, பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் சார்ந்த சேவைப் பகுதி என்பன அவற்றுள் முக்கியமானவை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்குடையது. ஒவ்வொன்றின் முகாமையாளரது வருவாயும் பெரும்பாலும் அவ்வப் பகுதியின் இலாபத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது.

இப்பகுதிகள் அனைத்திற்கும் மெருகூட்டல் தேவைப்படுகின்றது. ஆனால் ஒரே காரணத்திற்காக அன்று. புதிய காரின் போக்குவரத்து உறைகளை அகற்றிக் கழுவி வாங்குவோனிடம் ஒப்படைக்கும் நிலைக்குக் கொண்டுவருதல் புதிய கார்ப் பகுதியின் தேவை. பழுதுபார்க்க வந்த காரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தல் சேவைப் பகுதியின் உபசாரம். கடன் மற்றும் காப்புறுதிப் பகுதியோ வண்ணப்பூச்சுக் காப்புப் பூச்சு போன்றவற்றைக் காரின் விலையுடன் சேர்த்து விற்கின்றது. பூச்சைப் பூசும் தொழிலாளிக்குக் கிடைப்பது, அதற்காக வாங்குவோன் செலுத்தும் தொகையில் ஒரு சிறு பங்கே.

எனினும், வெளி ஒப்பந்தகாரருக்கு மிகுந்த வேலையைத் தருவது பழைய கார்ப் பகுதியேயாகும். பண்டமாற்றாகப் பெற்றோ ஏலத்தில் எடுத்தோ கொண்டுவரப்படும் பழைய கார், பரிசோதனை, பழுதுபார்ப்பு, மெருகூட்டல், புகைப்படம் பிடித்தல் ஆகிய கட்டங்களைக் கடந்த பின்னரே விற்பனைக்கு நிறுத்தப்படும். நிலையத்தின் கையிருப்புக் கார்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்கப்பட்டவை. விற்கப்படாது நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகின்றது. காரின் சந்தைப் பெறுமதியோ இறங்குகின்றது. ஆகவே விரைவு வேண்டும். மறுபுறம், மெருகூட்டற் செலவு அக்காரின் அடக்கவிலையுடன் சேர்க்கப்படுகின்றது; செலவு கூடினால் பகுதியின் இலாபமும் அதனுடன் முகாமையாளரின் தரகும் குறைகின்றன. ஆகவே மலிவும் வேண்டும்.

இங்குதான் ஓர் உள்முரண்பாடு எழுகின்றது. நிலையத்தின் சொந்த ஊழியர் மெருகூட்டலைச் செய்தால், அவ்வூழியர் சார்ந்த சேவைப் பகுதி அதற்கென ஓர் உள்ளகக் கட்டணத்தைப் பழைய கார்ப் பகுதியின் கணக்கில் எழுதும். ஒருவரின் இலாபம் மற்றவரின் செலவு. உள்ளகக் கட்டணத்திலிருந்து தப்பிக்கொள்ளப் பழைய கார் முகாமையாளர் வெளியாரைத் தேடுகின்றார். இதனோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. கார்களின் வரவு ஒரே சீரானதன்று. வேலையற்ற நாளிலும் ஊழியனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தகாரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. விபத்து நட்டஈட்டுக் காப்புறுதி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகிய சுமைகளும் கைமாறுகின்றன. சிறு ஒப்பந்தகாரருக்கு வேலை கிடைப்பதற்கான வாயில் இவ்வாறு திறக்கின்றது. அவரது திறமையைக் கண்டு திறந்த வாயில் அன்று அது. செலவையும் இடரையும் வெளியே தள்ளுவதற்காகத் திறந்த வாயில். இதனை அறிந்து நுழைவோனுக்கும் அறியாது நுழைவோனுக்கும் வேறுபாடு மிகுதி.

3. வேலை பெறும் வழி

மேற்கூறிய அமைப்பிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படும். முதலாவது, யாரை அணுகுவது என்பது. வரவேற்பு மேசையில் விளம்பர அட்டையை வைத்துவிட்டு வருவதாற் பயனில்லை. பழைய கார் முகாமையாளரும் சேவை முகாமையாளரும் தீர்மானிக்கும் வல்லமை உடையோர். பெருந்தொகையான ஒப்பந்தமாயின் பொது முகாமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். மாத இறுதியில் விற்பனை இலக்குகள் முகாமையாளரை நெருக்குகின்றன. வார இறுதியில் வாடிக்கையாளர் கூட்டம். வாரத்தின் நடுநாட்களின் காலைப் பொழுதே பேசுவதற்கு ஏற்றது.

இரண்டாவது, எதைக் கூறுவது என்பது. நிலையத்தின் முற்றத்தில் நிற்கும் கார்களை முன்னரே சென்று வெயிலில் நோக்குதல் வேண்டும். வட்டக் கோடுகள், நீர்க்கறைகள், துடைக்கப்படாத கதவு விளிம்புகள் ஆகியன அங்கு ஏற்கெனவே நடைபெறும் வேலையின் தரத்தைக் காட்டிவிடும். முகாமையாளருக்கு எண்ணெயின் பெயரோ இயந்திரத்தின் பெயரோ பொருட்டன்று. இன்று மாலை கொடுத்த கார் எப்போது விற்பனை வரிசைக்குத் திரும்பும் என்பதே அவரது கேள்வி. எனவே, நாளொன்றுக்கு எத்தனை கார்களை எத்தனை மணி நேரத்துள் திருப்பித்தர இயலும் என்பதைத் திட்டவட்டமாகக் கூறுவோன் கேட்கப்படுவான். ஒரு காரைச் செய்து காட்டுதல் வழக்கம். அக்காரும் கட்டணத்திற்குரியதாக இருத்தல் நன்று. இலவசமாகத் தொடங்கிய உறவில் விலையைப் பின்னர் உயர்த்துதல் கடினம்.

மூன்றாவது, ஆவணங்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதிக்கு மேலாக, பிறருடைய வண்டி தன் பொறுப்பில் இருக்கையில் ஏற்படும் சேதத்திற்கான தனிக் காப்புறுதி வேண்டும். முன்னையது பெரும்பாலும் பின்னையதை உள்ளடக்குவதில்லை. ஒரு சாவி தவறான கையிற் சேர்ந்தாலோ ஒரு கார் சுவரில் மோதினாலோ தொழிலே அழிந்துவிடலாம். காரைப் பொறுப்பேற்கும்போது முன்பிருந்த சேதங்களைப் புகைப்படம் பிடித்து வைத்தல் இன்றியமையாதது. கழுவுநீர் பற்றிய விதிகளும் உண்டு. 1972 இல் நிறைவேற்றப்பட்டு, 1987 இல் மழைநீர் வடிகால்களைப் பற்றிய ஏற்பாடுகளுடன் விரிவாக்கப்பட்ட தூய நீர்ச் சட்டத்தின் வழிவந்த உள்ளூர் விதிகளின்படி, சவர்க்காரமும் எண்ணெயும் கலந்த நீரை வீதியோர மழைநீர் வடிகாலில் விடலாகாது. அந்நீரை யார் சேகரிப்பது, எங்கே அகற்றுவது என்பது உடன்படிக்கையில் எழுதப்படாவிடின், தண்டம் வரும்போது சிறியவனே தேடப்படுவான்.

நான்காவது, பணம் வந்து சேரும் முறை. முகாமையாளரின் வாய்மொழி ஒப்புதல் கணக்காளரின் மேசையிற் செல்லுபடியாகாது. ஒவ்வொரு காருக்கும் வேலைக்கட்டளை இலக்கமோ கொள்வனவுக்கட்டளை இலக்கமோ பெறப்பட்டு விலைச்சிட்டையிற் குறிக்கப்பட வேண்டும். கொடுப்பனவு முப்பது நாட்களின் பின்னர் என்பது பொதுவான தவணை. வேலை நடந்த நாளிலிருந்து பணம் வரும் நாள்வரை பசைக்கும் பெற்றோலுக்கும் உதவியாளனின் கூலிக்கும் ஒப்பந்தகாரரே முதலிடுகின்றார். அதாவது, கோடிக்கணக்கிற் கையிருப்பு வைத்திருக்கும் நிறுவனத்திற்கு ஒற்றை வாகனத்துடன் வாழும் ஒருவன் வட்டியின்றிக் கடன் கொடுக்கின்றான். இந்நிலையின் விசித்திரம் கவனிக்கத்தக்கது.

4. விலையும் கூலியும்

இனி விலைக்கு வருவோம். கார் ஒன்றுக்கு நிலையான தொகை என்பதே இத்தொழிலின் பரவலான வழக்கம். மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற் தொகுதியில் துண்டுக்கூலியை ஆராய்ந்து, அது நேரக்கூலியின் மாற்றுருவமே என நிறுவியுள்ளார். முடித்த பொருளின் எண்ணிக்கைக்கேற்பக் கொடுக்கப்படும் கூலியில் மேற்பார்வையின் தேவை குறைகின்றது. தொழிலாளி தானே தன்னை விரைவுபடுத்துகின்றான். உழைப்பைக் குத்தகைக்கு விடும் இடைத்தரகருக்கும் இடம் உண்டாகின்றது. மெருகூட்டல் ஒப்பந்தம் இப்பண்புகள் அனைத்தையும் உடையது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பின்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் கொண்டவை. சந்தை விலைகளாக அவற்றைக் கொள்ளலாகாது. முழு மெருகூட்டலுக்குக் கார் ஒன்றுக்கு 120 டொலர் எனப் பேசப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பசை, சவர்க்காரம், துணி முதலிய பொருட்செலவு 14 டொலர். காப்புறுதி, எரிபொருள், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றின் பங்கு 20 டொலர். எஞ்சுவது 86 டொலர். கைவேலை நான்கு மணி நேரம் எனின், மணிக்கு 21.50 டொலர் எனத் தோன்றும். நல்ல வருவாய் என்றே ஒப்பந்தகாரர் எண்ணுவார். ஆனால் சாவியைத் தேடுதல், நெருக்கி நிறுத்தப்பட்ட கார்களை நகர்த்துதல், முகாமையாளருக்காகக் காத்திருத்தல், குறை கூறப்பட்ட இடத்தை மீண்டும் செய்தல், விலைச்சிட்டை எழுதுதல் ஆகியவற்றிற்குக் கார் ஒன்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம் செல்லுமாயின், வருவாய் மணிக்கு 17.20 டொலராகின்றது.

இதிலிருந்து சுயதொழில் வரியைக் கழிக்க வேண்டும். ஊழியன் ஒருவனின் சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவம் ஆகியவற்றுக்கான பங்களிப்பில் 7.65 வீதத்தை ஊழியனும் 7.65 வீதத்தைத் தொழில்தருநரும் செலுத்துவர். சுயதொழிலாளன் இரண்டையும் தானே செலுத்துகின்றான்: தேறிய வருவாயின் 92.35 வீதத்தின் மீது 15.3 வீதம். 86 டொலருக்கு இது ஏறத்தாழ 12.15 டொலர். எஞ்சும் 73.85 டொலரை ஐந்து மணிகளுக்குப் பகிர்ந்தால் மணிக்கு 14.77 டொலர். 2025 இல் கலிபோர்னியாவின் குறைந்தபட்ச மணிக்கூலி 16.50 டொலர். அதனைப் பெற்ற ஊழியன் தன் 7.65 வீதத்தைச் செலுத்திய பின்னரும் அவன் கையில் 15.24 டொலர் எஞ்சியது. இயந்திரத்துக்கும் வாகனத்துக்கும் உரிமையாளரும், தொழிலதிபர் எனத் தம்மை அழைத்துக்கொள்பவருமான ஒப்பந்தகாரர், மாநிலத்தின் மிகக் குறைந்த கூலி பெறும் ஊழியனிலும் கீழ் நிற்கின்றார்.

அவர் தாமே உழைக்காது ஓர் உதவியாளனை அமர்த்தினால் நிலைமை இன்னும் தெளிவாகும். குறைந்தபட்சக் கூலியில் ஐந்து மணிகளுக்கு 82.50 டொலர், தொழில்தருநர் பங்களிப்பு 6.31 டொலர், மொத்தம் 88.81 டொலர். கையில் உள்ளதோ 86 டொலர். விபத்து நட்டஈட்டுக் காப்புறுதியையும் இலாபத்தையும் எண்ணுவதற்கு முன்னரே நட்டம். இத்தகைய நிலையிற் சிறு ஒப்பந்தகாரர் செய்யக்கூடியவை சிலவே: உதவியாளனுக்கும் காரொன்றுக்கு இவ்வளவு எனக் கொடுத்தல், பணத்தைக் கணக்கில் எழுதாது கையிற் கொடுத்தல், அவனையும் 'ஒப்பந்தகாரன்' எனப் பெயரிட்டு, வெளியாருக்குக் கொடுத்த பணத்தை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் 1099 ஆம் இலக்கப் படிவத்தை அவனுக்கும் நீட்டுதல். ஆக, 120 டொலர் என்ற விலை ஒப்புக்கொள்ளப்பட்ட கணத்திலேயே சட்டமீறலும் அதனுள் அடங்கிவிடுகின்றது. அதைக் கையாற் செய்பவர் சிறு ஒப்பந்தகாரர். அதன் பயனைப் பெறுவது விலையை நிர்ணயித்த நிலையம். பெரு நிறுவனங்கள் வேலையை வெளியே தள்ளி, தரத்தின் மீதான கட்டுப்பாட்டை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளும் இப்போக்கினை டேவிட் வைல் 2014 இல் வெளிவந்த தமது 'பிளவுண்ட பணியிடம்' என்ற பொருள்படும் நூலில் ஆராய்ந்துள்ளார்.

எனவே, விலை கூறும் முறை தலைகீழாக மாற வேண்டும். சந்தையில் மற்றவர் என்ன கேட்கின்றனர் என்பதிலிருந்தன்றி, வேலைக்குச் செல்லும் முழு நேரத்திலிருந்தும் சட்டப்படியான கூலியிலிருந்தும் தொடங்கிக் கணக்கிடுதல் வேண்டும். புகை நாற்றம், பூஞ்சணம், உரோமம், ஆழ்ந்த கீறல் ஆகியவற்றிற்கு மேலதிகக் கட்டணமும், அதனைத் தொடங்குமுன் எழுத்தில் ஒப்புதல் பெறும் நிபந்தனையும் இருத்தல் வேண்டும். வேலையின் ஒழுங்கின்மையால் வரும் இடரை மீண்டும் நிலையத்திடமே ஒப்படைக்கும் வழி இதுவே.

5. சட்டத்தின் நோக்கில்

விலைக்கும் கூலிக்கும் இடையிலான இம்மயக்கம் நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. 1947 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த ரதர்ஃபோர்ட் உணவுக் கம்பனி வழக்கு குறிப்பிடத்தக்கது. கன்சாஸ் சிற்றியிலிருந்த ஒரு கொல்களத்தில் இறைச்சியிலிருந்து எலும்பை நீக்குவோர் ஒப்பந்தகாரராகக் காட்டப்பட்டனர். கத்தியும் கொளுக்கியும் அவர்களுடையவை. கூலி எடைக்கேற்பக் கணக்கிடப்பட்டது. ஆயினும் அவர்களது வேலை ஒருங்கிணைந்த உற்பத்தியின் ஒரு கட்டமே எனக் கண்ட நீதிமன்றம், 1938 ஆம் ஆண்டின் நியாயத் தொழில் நியமங்கள் சட்டத்தின் நோக்கில் அவர்கள் ஊழியரே எனத் தீர்த்தது. பெயரன்றிப் பொருளாதார யதார்த்தமே அளவுகோல் என்ற கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது. பரிசோதனைக்கும் புகைப்படத்திற்கும் இடையில் நிற்கும் மெருகூட்டல் தொழிலாளியின் நிலையும் இதனை ஒத்ததே.

அச்சட்டத்தில் மற்றொரு விசித்திரமும் உண்டு. 1966 இற் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகக் கார் விற்பனை நிலையங்களின் விற்பனையாளர், உதிரிப்பாக ஊழியர், இயந்திரத் தொழிலாளர் ஆகியோர் மேலதிக நேரக் கொடுப்பனவு விதியிலிருந்து விலக்கப்பட்டனர். 2018 இல் உயர் நீதிமன்றம் எஞ்சினோ மோட்டார்கார்ஸ் வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் சேவை ஆலோசகரையும் இவ்விலக்கினுட் சேர்த்தது. ஆனால் தொழிற் திணைக்களத்தின் விதிகள் 'இயந்திரத் தொழிலாளி' என்ற சொல்லினுள் கழுவுவோரையும் துடைப்போரையும் மெருகூட்டுவோரையும் அடக்குவதில்லை. அதாவது, சம்பளப் பட்டியலிலுள்ள மெருகூட்டல் ஊழியன் வாரத்திற்கு நாற்பது மணிகளுக்கு மேற்பட்ட உழைப்பிற்கு ஒன்றரை மடங்கு கூலி கேட்கும் உரிமையுடையவன். நிலையத்தின் மிகத் தாழ்ந்த ஊழியனுக்கு அருகிலிருக்கும் பலருக்கும் இல்லாத இவ்வுரிமை, அவனை ஒப்பந்தகாரனாக மாற்றுவதற்கான தூண்டுதலாகவும் அமைந்துவிடுகின்றது.

கலிபோர்னியாவில் 2018 ஏப்ரில் 30 ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம் டைனமெக்ஸ் வழக்கில் மூவம்சச் சோதனையொன்றை ஏற்றது. வேலை செய்வோன் அமர்த்துவோனின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டிருத்தல், வேலை அமர்த்துவோனின் வழமையான தொழிலுக்குப் புறம்பானதாயிருத்தல், செய்வோன் சுயாதீனமான தொழில் ஒன்றை நிறுவி நடத்துதல் ஆகிய மூன்றும் நிறைவேறினாலன்றி அவன் ஊழியனேயாவான். 2019 இல் நிறைவேறி 2020 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதனை எழுத்தாக்கியது. கடையின் நீர்க்குழாயைத் திருத்த வந்தவர் கடையின் ஊழியராகார். ஆடைக் கம்பனிக்காக வீட்டிலிருந்து தைப்பவர் ஊழியராவார் என அந்நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மெருகூட்டுவோர் இவ்விருவருள் யாரை ஒத்தவர்? மெருகூட்டப்படாத பழைய கார் விற்பனைக்கு நிறுத்தப்படுவதில்லை; வேலையோ நாள்தோறும் நடப்பது. தையற்காரரையே அவர் ஒத்தவர் என்பது எமது கருத்து. வணிகத்திற்கும் வணிகத்திற்கும் இடையிலான உண்மையான ஒப்பந்தத்திற்கு 2020 இன் திருத்தம் விலக்களித்தது. எழுத்திலான உடன்படிக்கை, சொந்தத் தொழிலிடம், சொந்தக் கருவிகள், வேறு வாடிக்கையாளரை நாடும் உரிமை, தன் விலையைத் தானே பேசும் உரிமை ஆகியன அதன் நிபந்தனைகளுட் சில.

இன்னும் இரு சட்டங்கள் கவனத்திற்குரியன. தொழிலாளரை வழங்கும் ஒப்பந்தகாரர் கூலி கொடுக்கத் தவறினால் அமர்த்திய நிறுவனமும் பொறுப்பாகும் என 2015 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கூறுகின்றது. ஆனால் ஒரே வேளையில் ஐந்து பேரோ அதற்குக் குறைந்தோரோ வழங்கப்படுமிடத்து அச்சட்டம் பொருந்தாது; இரண்டு மூன்று பேருடன் வரும் மெருகூட்டல் ஒப்பந்தகாரரின் தொழிலாளர் இவ்வாறு பாதுகாப்பின் வெளியே நிற்கின்றனர். மற்றையது 2003 இல் நிறைவேறிய கார் கழுவுநிலையச் சட்டம். கழுவுதலையும் மெருகூட்டலையும் நடத்தும் தொழில்தருநர் பதிவு செய்துகொள்ள வேண்டும்; கூலி நிலுவைக்கு ஈடாகப் பிணைமுறி வைக்க வேண்டும். 2014 முதல் அப்பிணைமுறியின் தொகை 150,000 டொலர். கூட்டு உடன்படிக்கை உடையோருக்கு விலக்கு உண்டு. உரிமம் பெற்ற கார் விற்பனை நிலையமோ, தன் முதன்மைத் தொழிலுக்குத் துணையாக இவ்வேலையை நடத்துமாயின், இச்சட்டத்திற்கு உட்படாது. வேலை சிறியவர் கைக்கு மாறும்போது பிணைமுறிச் சுமையும் கூடவே செல்கின்றது. அதைத் தாங்கும் ஆற்றல் மட்டும் செல்வதில்லை.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து இத்தொழிலைக் கைவிடுவதே நன்று என்ற முடிவு பெறப்படுவதில்லை. விற்பனை நிலையம் தரும் வேலை மழைக்காலத்திலும் தொடரக்கூடியது. புதிதாகத் தொடங்குவோனுக்குக் கைப்பழக்கத்தையும் நிலையான வருகையையும் அளிப்பது. கேள்வி, அவ்வேலையை எந்த நிலையில் நின்று ஏற்பது என்பதே. சட்டம் ஒருவனைச் சுயாதீனமானவன் என ஏற்பதற்குக் கேட்கும் நிபந்தனைகளும், பேரம் பேசுமிடத்து அவனுக்கு வலிமை தரும் நிபந்தனைகளும் ஏறத்தாழ ஒன்றே என்பது இவ்வாய்வில் எமக்குத் தெளிவாகும் உண்மை. வேறு வாடிக்கையாளர் இருக்கும்போதுதான் குறைந்த விலையை மறுக்க இயலும். சொந்த இடம் இருக்கும்போதுதான் முகாமையாளரின் நேரத்திற்கு அடிமையாகாதிருக்க இயலும். வருவாய் முழுவதும் ஒரே நிலையத்திலிருந்து வருமாயின், அட்டையில் என்ன பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் அவர் கூலியாளரே. கூலியாளருக்குரிய காப்பு இல்லாத கூலியாளர்.

தனிமனித விழிப்புணர்வு மட்டும் இதற்குப் போதுமானதன்று. ஒருவர் 120 டொலரை மறுத்தால் 110 டொலருக்கு இன்னொருவர் வருவார். கணக்கை அறிந்தவன் தோற்பதும் அறியாதவன் வெல்வதும், வென்றவன் ஓராண்டில் ஓய்ந்து போவதும் இச்சந்தையின் இயல்பு. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் கார் கழுவுநிலையத் தொழிலாளர், பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தோர், 2008 இல் அமைப்பாகத் திரளத் தொடங்கினர். 2011 இல் சாந்தா மொனிக்காவில் ஒரு கழுவுநிலையத்துடன் தொழிற்சங்க உடன்படிக்கையைப் பெற்றனர். சிதறிய சிறு பணியிடங்களிலும் கூட்டு முயற்சி இயலும் என்பதற்கு அது சான்று. சிறு ஒப்பந்தகாரரும் அவருடைய உதவியாளரும் ஒருவரையொருவர் எதிராளிகளாகக் காணும் நிலை, இருவருக்கும் மேலிருந்து விலையை நிர்ணயிக்கும் சக்தியை மறைத்துவிடுகின்றது. காரொன்றுக்கான அத்தொகையை மணிகளாகப் பிரித்துப் பார்க்கும் எளிய கணக்கு அம்மறைப்பை நீக்குவதற்கான முதற்படியாகும்.